வளர்ந்தோருக்குக் கற்பிக்கும் பாங்கு: மான்குர்த் வரையிலான ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஆசிரியர் ஒருவரின் கற்பிக்கும் பாங்கு அவருடைய பிறவிக் குணத்தைச் சார்ந்தது என்பது பரவலான கருத்து. கலகலப்பானவர், கண்டிப்பானவர், பொறுமைசாலி என்று ஆசிரியர்களை வகைப்படுத்துவதும் இக்கருத்தின் அடிப்படையில்தான். குழந்தைகளுக்கான வகுப்பில் இக்கருத்து ஓரளவு பொருந்தலாம். நாள் முழுதும் உழைத்துவிட்டு மாலையில் எழுத்துக் கற்க வரும் வளர்ந்தோரின் வகுப்பில் இது போதாது. அங்கே ஆசிரியரின் பாங்கு என்பது அவர் மொழியைக் கையாளும் முறையே. எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது, எந்த வினைவிகுதியால் அழைப்பது, பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்கிற்கு எப்போது கடப்பது, எந்த வரிவடிவத்தை முதலில் தருவது என்னும் முடிவுகளின் தொகுதியே அவரது பாங்காகிறது. இம்முடிவுகள் பயிற்சியால் திருந்தக்கூடியவை.

இக்கருத்தை மும்பைத் தமிழரிடையே, சிறப்பாக மான்குர்த் வட்டாரத்தில், வளர்ந்தோர் கற்ற வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மும்பையின் கிழக்கோரத்தில் துறைமுக இருப்புப்பாதையில் அமைந்துள்ள மான்குர்த், நகரின் பிற பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களைப் பல முறை ஏற்றுக்கொண்ட இடமாகும். தமிழும் மராத்தியும் பம்பாய் இந்தியும் ஒரே சந்தில் புழங்கும் இவ்விடம், ஒரு மொழியினர் மட்டும் வாழும் சிற்றூரில் புலப்படாத சிக்கல்களை வெளிக்கொணர்கிறது.

2. ஒரு கலைச்சொல்லின் வரலாறு

இத்துறைக்குத் தமிழில் நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘முதியோர் கல்வி’ என்பதாகும். மொழிபெயர்ப்பாளர் நின்று நோக்க வேண்டிய சொல் இது. 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயதுக்குட்பட்ட பத்துக் கோடிப் பேருக்கு எழுத்தறிவு தருவதை இலக்காகக் கொண்டது. இருபது வயதுத் தொழிலாளியை ‘முதியோர்’ என்று தமிழர் எவரும் பேச்சில் குறிப்பதில்லை. ஆயினும் இச்சொல் திட்டத்தின் பெயராகவும் வகுப்பின் பெயராகவும் நிலைத்தது. கற்கும் பருவம் கடந்தவர் என்னும் பொருட்சாயலையும் அது உடன்கொணர்ந்தது. ‘சமூகக் கல்வி’, ‘பள்ளிசாராக் கல்வி’, ‘வயது வந்தோர் கல்வி’ எனப் பின்னர் வழங்கிய பெயர்கள் ஒவ்வொன்றும் அரசுக் கொள்கையின் ஒவ்வொரு திருப்பத்தைக் காட்டுகின்றன. 2022இல் தொடங்கிய புதிய எழுத்தறிவுத் திட்டத்தில் நடுவணரசு ‘வயது வந்தோர் கல்வி’ என்பதைக் கைவிட்டு ‘அனைவருக்கும் கல்வி’ என்பதை மேற்கொண்டது. 15 வயதிற்கு மேற்பட்ட எழுத்தறியாதோர் அனைவரும் இப்போது அதன் எல்லைக்குள் அடங்குவர்.

மேலைநாட்டிலும் பெயர்ச் சிக்கல் இருந்தது. குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியிலிருந்து அமைந்த ‘பெடகாஜி’ என்பதற்கு மாற்றாக, ஆடவனைக் குறிக்கும் சொல்லடியைக் கொண்டு ‘ஆண்ட்ரகாஜி’ என்னும் சொல்லை 1833இல் செருமானிய ஆசிரியர் அலெக்சாண்டர் காப் ஆண்டார். அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970இல் அதனைப் பரப்பினார். அவரது நூலின் முதற்பதிப்பு இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தியது. 1980ஆம் ஆண்டுப் பதிப்பின் துணைத்தலைப்போ ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லுதல் என மாறியது. குழந்தையும் வளர்ந்தவரும் கற்பதில் வேறு இனத்தவர் அல்லர், வேறுபாடு அளவில்தான் உள்ளது என்னும் தெளிவை இம்மாற்றம் காட்டுகிறது. வயதானால் கற்க இயலாது என்னும் எண்ணத்தைத் தார்ன்டைக் 1928இலேயே தம் ஆய்வுகளால் தளர்த்தியிருந்தார். இக்கட்டுரையில் ‘வளர்ந்தோர்’ என்னும் சொல் ஆளப்படுகிறது. அது பால் சுட்டாதது, முதுமையும் சுட்டாதது.

3. நன்னூல் காட்டும் ஆசிரியரும் வளர்ந்த மாணவரும்

ஆசிரியரின் பாங்கைப் பற்றித் தமிழில் எழுந்த விரிவான இலக்கணம் நன்னூலின் பொதுப்பாயிரம். பவணந்தியார் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை காட்டுகிறார். மாணவர் ஏற்கும் திறமறிந்து கற்பிக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறார். மாணவரை அன்னம் முதலாக நெய்யரி ஈறாக வகைப்படுத்துகிறார். இவ்வளவும் இன்றும் ஏற்கத்தக்கவை.

ஆனால் அவர் கூறும் கற்கும் முறைமை, மாணவன் ஆசிரியரை நாடிச் செல்வதை அடிப்படையாகக் கொண்டது. குளிர்காய்பவன் தீயை அணுகுவதுபோல மாணவன் அகலாதும் அணுகாதும் இருத்தல் வேண்டும். இங்கே இடைவெளியைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு மாணவனுடையது. வளர்ந்தோர் வகுப்பில் இப்பொறுப்பு இடம் மாறுகிறது. மாணவர் வயதில் மூத்தவர், தொழில் அறிந்தவர், குடும்பத்தைத் தாங்குபவர். ஆசிரியரோ பெரும்பாலும் பள்ளி முடித்த இளைஞர் அல்லது இளம்பெண். தூரத்தை அளந்து நடக்க வேண்டியவர் இப்போது ஆசிரியரே. இந்த இடமாற்றத்தை உணராத பாங்கு தோல்வியுறுகிறது என்பதே பின்வரும் வரலாறு தரும் பாடம்.

4. பம்பாயில் தொடக்க முயற்சிகள்

பம்பாய்த் தமிழரின் கல்வி இரு தடங்களில் வளர்ந்தது. எழுத்தர், கணக்கர் பணிகளுக்கு வந்து மாதுங்காவில் குடியேறியோர் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவித் தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டனர். திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற உடலுழைப்புக்கும் வந்தோருக்கு இத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. அவர்களிடையே எழுத்தறியாத வளர்ந்தோரின் தொகை பெரிது.

1937இல் பி. ஜி. கேர் தலைமையில் அமைந்த மாகாண அரசு இச்சிக்கலில் கவனம் செலுத்தியது. 1939இல் பம்பாய் நகர வயது வந்தோர் கல்விக் குழு உருவாயிற்று. விடுதலைக்குப் பின் மௌலானா ஆசாத் முன்வைத்த ‘சமூகக் கல்வி’ என்னும் கருத்திற்கேற்ப இக்குழுவும் பெயர் மாற்றம் பெற்றது. தொழிலாளர் குடியிருப்புகளில் அவரவர் மொழியில் இரவு வகுப்பு நடத்துவது இதன் முறை.

இக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தவர் பிராங்க் லாபாக். பிலிப்பைன்சில் 1930ஆம் ஆண்டையொட்டி அவர் வளர்த்த முறையில், எழுத்தின் வடிவை நினைவூட்டும் படம், அப்படத்தின் பெயர், அப்பெயரின் முதல் ஒலி என்னும் வரிசை உண்டு. கற்றவர் ஒவ்வொருவரும் மற்றொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் இயக்கத்தின் முழக்கம். 1935 முதல் இந்தியாவிற்கு வந்து பல மொழிகளுக்குப் பாட அட்டைகள் உருவாகத் துணைநின்றார். லாபாக்கின் சிறந்த பங்களிப்பு அட்டைகளைவிட அவர் வலியுறுத்திய பண்பாடே எனலாம். கற்பவர் தவறு செய்யும்போது முகம் சுளிக்காமை, அவர் அறியாததைத் தானே சொல்லிக்கொடுத்தல் என ஆசிரியரின் நடத்தையை அவர் பாடத்தின் பகுதியாக்கினார்.

மகாராட்டிரத்தில் 1959இல் சாத்தாரா மாவட்டத்தில் தொடங்கிய ‘கிராம சிட்சண் மோஹிம்’ ஊர் முழுவதையும் ஒருசேர எழுத்தறியச் செய்யும் இயக்கமாகப் பரவியது. ஆனால் கற்றோர் பலர் பயன்படுத்த வழியின்றி எழுத்தை மறந்தனர். எழுத்துக்குப் பயன் இல்லாத இடத்தில் எழுத்தறிவு தங்காது என்னும் உண்மையை இந்நிகழ்வு காட்டியது. பயன் எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்கு மான்குர்த் வட்டாரம் வேறொரு விடையைத் தந்தது.

5. ஜனதா காலனியிலிருந்து சீட்டா கேம்ப் வரை

கோலார் தங்கவயலில் 1947இல் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், 1963இல் பம்பாய்க்கு வந்து, மான்குர்தை ஒட்டிய ஜனதா காலனியில் தங்கித் தச்சு வேலை செய்தார். உயர்கல்வி பெறாத இவர் அங்கே சிறுவர்களைப் பாட்டும் கூத்துமாகத் திரட்டி ஒரு பள்ளியை நடத்தலானார். குடியிருப்பில் குப்பை அள்ளப்படாமல் கிடந்தபோது, சிறுவர் ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் குப்பையைக் கொண்டுசென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் வைத்ததை அவர் தம் நினைவுகளில் குறிப்பிட்டுள்ளார். குப்பை அள்ளுவது யார் கடமை, அதனை யாரிடம், எந்தச் சொல்லால் கேட்பது என்பது அன்று பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் பாடமாயிற்று.

அணுவாற்றல் நிறுவனத்தின் தேவைக்காக அக்குடியிருப்பை அகற்றும் முயற்சியை மக்கள் பல்லாண்டு நீதிமன்றத்திலும் வெளியிலும் எதிர்த்தனர். இந்தப் போராட்டம் ஒரு பெரிய வளர்ந்தோர் வகுப்பாக அமைந்தது. அறிவிப்பு, தடையாணை, மனு, முத்திரை முதலிய சொற்கள் எழுத்தறியாதோர் வாயிலும் பொருளுடன் புழங்கின. 1976 சனவரி 4 அன்று நகரெங்கும் எடுக்கப்பட்ட குடிசைக் கணக்கெடுப்பின் விளைவாக ‘போட்டோபாஸ்’ என்னும் அடையாள அட்டை வந்தது. அதில் பெயர் சரியாக உள்ளதா என்பது ஒரு குடும்பத்தின் வீட்டுரிமையைத் தீர்மானிக்கும் செய்தியாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று, ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீட்டா கேம்பிற்கு மாற்றப்பட்டனர்.

பிரேசில் நாட்டின் பாவ்லோ பிரையிரே 1963இல் ஆங்கிகோசில் சுமார் 300 தொழிலாளருக்கு எழுத்தறிவித்த முறையை இங்கு ஒப்பிடலாம். கற்போரின் வாழ்வில் கனம் மிக்க ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றி உரையாடி, பின் அதன் அசைகளைப் பிரித்து, அசைக்குடும்பங்களாக விரித்துப் புதுச் சொற்களை ஆக்கச் செய்வது அவர் முறை. சான்றாகச் செங்கல்லைக் குறிக்கும் ‘திஜோலோ’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லைக் கூறுவர். ஜோக்கின் எழுத்தறிவு ஆசிரியர் அல்லர். ஆயினும் கனமுள்ள சொல்லிலிருந்தே வளர்ந்தோர் கற்கின்றனர் என்பதை ஜனதா காலனியின் வரலாறு தானே மெய்ப்பிக்கிறது.

6. கற்றோரே கற்பித்தல்

1974இல் ஜோக்கின் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பைத் தொடங்கினார். 1984இல் தோன்றிய ஸ்பார்க் நிறுவனம் பைகுல்லாவின் நடைபாதைவாழ் பெண்களிடையே பணியாற்றியது. அவர்களிடமிருந்து மகிளா மிலன் என்னும் பெண்கள் அமைப்பு உருவாயிற்று. இவை மூன்றும் இணைந்து வளர்த்த கற்கும் முறையில் வகுப்பறை இல்லை. எழுத்தறியாத பெண்கள் வண்ணத் தாள் துண்டுகளைக் கொண்டு சேமிப்புக் கணக்கைக் காத்தனர். தம் குடியிருப்பைத் தாமே கணக்கெடுத்தனர். துணியையும் மூங்கிலையும் கொண்டு வீட்டின் முழு அளவு மாதிரியை எழுப்பி, அதனுள் நடந்து பார்த்து அளவை விவாதித்தனர். ஒரு குடியிருப்பினர் கற்றதை மற்றொரு குடியிருப்பினருக்கு நேரில் சென்று காட்டினர். நடைபாதைப் பெண்களின் முயற்சியால் மான்குர்தில் மிலன் நகர் எழுந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி இருப்புப்பாதை ஓரங்களிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்கள் பல மான்குர்திலேயே குடியமர்ந்தன. 2000இல் ஜோக்கினுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. அவர் 2018இல் மறைந்தார்.

இவ்வனுபவம் ஆசிரியரின் பாங்கிற்குத் தரும் செய்தி இரண்டு. ஒன்று, கற்பவர் ஏற்கெனவே ஆண்டுவரும் கணக்கும் நினைவும் அளவையும் பாடத்தின் தொடக்கமாக வேண்டும். மற்றொன்று, நேற்றுக் கற்றவரே இன்றைக்குச் சிறந்த ஆசிரியர். ஏனெனில் எது கடினமாக இருந்தது என்பது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது. கணக்கை நினைவில் வைத்தலும் உரிமையைக் கேட்டலும் எழுத்தறிவுக்கு ஈடாகா. வண்ணத் தாளால் சேமிப்பைக் காக்கலாம். வீட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனையைப் படிக்க இயலாது. இவ்விடத்தில்தான் மொழியியலாரின் பணி தொடங்குகிறது.

7. அளவுகோலும் தமிழும்

1988 மே 5 அன்று தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம், தன்னார்வத் தொண்டர் ஒருவர் சுமார் பத்துப் பேருக்குக் கற்பிக்கும் முறையைப் பரப்பியது. 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் இது அறிவொளி இயக்கமாக மலர்ந்தது. புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால் 1990களின் தொடக்கத்தில் பெண்கள் எழுத்துடன் மிதிவண்டியும் கற்றனர். எழுத்துக்குப் பயனை வெளியிலிருந்து இணைத்த நல்ல சான்று இது. ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ அறிவொளித் தொண்டர்களின் அனுபவத்தைப் பதிவு செய்துள்ளது.

இவ்வியக்கம் வகுத்த தேர்ச்சி அளவுகள் நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் என அமைந்தன. வாய்விட்டுப் படித்தல் 30, மௌனமாகப் படித்தல் 35, பார்த்தெழுதுதல் 7, சொல்வதை எழுதுதல் 5. இந்தியாவின் எல்லா மொழிகளுக்கும் ஒரே அளவு. இந்தியில் ‘கர் ஸே’ என்பது இரண்டு சொற்கள். தமிழில் ‘வீட்டிலிருந்து’ என்பது ஒரு சொல். ‘ஜா ரஹா தா’ என்பது மூன்று சொற்கள். ‘போய்க்கொண்டிருந்தான்’ என்பது ஒன்று. ஒட்டுநிலை மொழியாகிய தமிழைக் கற்பவர் அதே எண்ணிக்கையை எட்டக் கூடுதலான எழுத்துக்களைக் கடக்க வேண்டியுள்ளது. எனவே தமிழ் கற்பவர் மெதுவானவர் என்று அளவுகோல் கூறும்போது, குறை கற்பவரிடமா அளவுகோலிடமா என்று கேட்க வேண்டும். சொல்லுக்கு மாற்றாக அசையை அலகாகக் கொள்வது மொழிகளிடையே நேர்மையான ஒப்பீட்டிற்கு உதவும்.

8. பாங்கைத் தீர்மானிக்கும் நான்கு மொழிமுடிவுகள்

முதலாவது, விளி. தொடக்கநிலை நூல்களில் ‘படி’, ‘எழுது’, ‘கோடிட்டு நிரப்பு’ என ஒருமை ஏவல்களைக் காண்கிறோம். குழந்தைக்கு எழுதப்பட்ட நூலின் சுவடு இது. இருபது வயதுத் தொண்டர் ஐம்பது வயதுப் பெண்ணிடம் ‘எழுது’ என்று வாசித்துக் காட்டும்போது, நூலின் விகுதி வகுப்பின் உறவைக் குலைக்கிறது. நெல்லை வழக்கில் ‘அண்ணாச்சி’, ‘அக்கா’, ‘பெரியம்மா’ என அழைத்துப் பழகிய மக்களிடம் ‘எழுதுங்க’ என்பதே இயல்பான ஏவல். ‘அம்மா வந்தாள்’ என்னும் முதற்பாடத் தொடரும் இத்தகையதே. தாயைப் பற்றி ‘வந்தாங்க’ என்று பேசும் பெண்ணுக்கு அத்தொடர் இலக்கணப் பிழையன்று, மரியாதைப் பிழை.

இரண்டாவது, இரட்டை வழக்கு. பெர்குசன் 1959இல் இக்கருத்தை விளக்கினார். மு. சண்முகம் பிள்ளை தமிழின் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் 1960இல் விரிவாக ஆராய்ந்தார். வளர்ந்தோர் எழுத்தை மட்டும் கற்பதில்லை. எழுத்துடன் மற்றொரு வழக்கையும் கற்கின்றனர். ‘போறேன்’ என்பவர் ‘போகிறேன்’ என எழுதப் பழக வேண்டும். இரு சுமைகளையும் ஒரே நாளில் ஏற்றுவது முறையன்று. கற்பவர் சொன்ன தொடரை அவர் சொன்னவாறே எழுதிக்காட்டிப் படிக்கச் செய்தல், பின் அதன் எழுத்து வழக்கு வடிவத்தை அருகில் எழுதி இரண்டையும் ஒப்பிடச் செய்தல், அதன்பின் எழுத்து வழக்கைத் தனியே தருதல் என்னும் மூன்று படிகள் தகும். தம் பேச்சு எழுத்தில் நிற்பதைக் காண்பவர், அது தவறான தமிழ் என்னும் தாழ்வுணர்ச்சியிலிருந்து விடுபடுகிறார்.

மூன்றாவது, தொடக்கச் சொல். அரிச்சுவடி முறை ‘அ’விலிருந்து தொடங்குகிறது. வடிவ ஒப்புமை முறை ட, ப, ம என எளிய கோடுகளில் தொடங்கிப் ‘படம்’, ‘பட்டம்’, ‘மாடம்’ என விரிகிறது. வடிவ முறை கைக்கு எளிது. ஆனால் ‘மாடம்’ மான்குர்த்வாசியின் வாழ்வில் இல்லை. பிரையிரே முறையில் ‘ரேஷன்’, ‘போட்டோபாஸ்’ முதலியன கனமுள்ள சொற்கள். ஆனால் கிரந்த எழுத்தும் இருபுறக் குறியும் முதல் நாளே குறுக்கிடுகின்றன. இரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு சொல் ‘வாடகை’. ஒவ்வொரு குடும்பமும் பேச நிறையச் செய்தி உள்ள சொல் இது. அதன் வ, ட, க ஆகிய மூன்று வரிசைகளை விரித்தால் வடை, கடை, விடை, காவடி என்பவற்றுடன், மும்பைத் தமிழர் வண்டியைக் குறிக்க வழங்கும் ‘காடி’யும் கிடைக்கிறது. தமிழின் உயிர்மெய் வரிசை அசைக்குடும்பமாகவே அமைந்திருப்பதால், போர்த்துக்கேயத்தைவிடத் தமிழுக்கு இம்முறை பொருத்தமானது எனலாம். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் சில உயிர்மெய்களின் விதிவிலக்கு வடிவங்களை நீக்கி இவ்வரிசைகளை மேலும் சீராக்கியது.

நான்காவது, வரிவடிவம். மும்பையில் பேருந்து எண் முதல் மாநகராட்சி அறிவிப்பு வரை தேவநாகரியே முன்னிற்கிறது. மராத்தி எழுத்தைக் கற்றால் போதும், தமிழ் எதற்கு என்று கற்போரே கேட்பதுண்டு. இக்கேள்வி நியாயமானது. இதற்கு விடை, பேச்சில் நன்கு அறிந்த மொழியின் எழுத்தையே ஒருவர் விரைந்து கற்கிறார் என்பதாகும். எழுத்து ஒலியைச் சுட்டுகிறது என்னும் அடிப்படை ஒருமுறை விளங்கிவிட்டால், அடுத்த வரிவடிவம் பாதி உழைப்பில் வருகிறது. ஆனால் கடக்கும் இடத்தில் ஒரு மேடு உண்டு. வெறுமை, வசவு, கறுப்பு ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று இந்திச் சொற்களையும் தமிழெழுத்தில் ‘காலி’ என்றே எழுத வேண்டும். காதால் மூன்றையும் வேறுபடுத்தும் மும்பைத் தமிழர், தேவநாகரியில் மூன்றுக்கும் ஒரே எழுத்தை இடுவது அறியாமையன்று; தமிழ் எழுத்தின் ஒலியன் அமைப்பை நன்கு கற்றதன் விளைவு. இதை அறிந்த ஆசிரியர் பிழையைத் திருத்தும் தொனியே வேறாக இருக்கும்.

9. முடிவுரை

1939 முதல் இன்றுவரை பெயர்களும் திட்டங்களும் மாறியுள்ளன. நடப்புத் திட்டம் 2022 முதல் 2027 வரையிலான காலத்தில் ஐந்து கோடிப் பேரை இலக்காகக் கொண்டுள்ளது. திட்டத்தின் அளவு எதுவாயினும், கற்பவர் முதல் சில வாரங்களில் நிற்பதா நீங்குவதா என்பதை ஆசிரியரின் மொழி தீர்மானிக்கிறது. நீங்கியவர் ‘எனக்குப் படிப்பு ஏறாது’ என்னும் முடிவுடன் செல்கிறார். அம்முடிவு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடுகிறது.

எனவே ஆசிரியர் தம் பாங்கை வளர்க்கச் செய்யத்தக்கவை சில. ஒவ்வொரு வகுப்பிலும் தாம் இட்ட ஏவல்களைக் குறித்து வைத்து விகுதிகளைத் திருத்துதல். கற்போர் வாயில் வந்த கனமுள்ள சொற்களைத் தொகுத்து, எழுத்தெளிமை நோக்கி வரிசைப்படுத்தல். பிழைகளைக் கணக்கிடுவதற்கு மாறாக அவற்றின் காரணத்தை வகைப்படுத்தல். முந்தைய ஆண்டு கற்றவரைத் துணையாசிரியராக அமர்த்தல். இவற்றுக்குத் தனித் திறமை தேவையில்லை, குறிப்பேடும் காதும் போதும். பாடநூல் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இக்குறிப்பேடுகளைக் கேட்டுப் பெறுவார்களானால், மான்குர்தின் தெருப்பேச்சு அடுத்த பாடநூலின் முதற்பக்கத்தை அடையும்.